பத்து வருச நெஞ்சுநோ

அந்தத் திங்கட்கிழமை நான் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அன்று காலை எட்டரை மணியிலிருந்து பின்னேரம் வரைக்கும், நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

சுன்னாகத்தில், சந்தைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் எனக்கொரு கடை. தண்ணீர்ப் பம்ப் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுகிற கடை. எரிந்துபோன மோட்டரைத் திறந்து, கருகின செப்புக் கம்பியை இழுத்தெறிந்து, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, அடுப்பில் காயவைத்துக் கொடுப்பேன். வலிகாமத்து வெங்காயம் முழுக்க என் மோட்டர்கள் இறைக்கிற தண்ணீரில்தான் விளைகிறது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. கொஞ்சம் புழுகுதான். இது ஒரு புழுகால் வந்த கதை என்பதால் நீங்கள் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

முதல்நாள் மனைவியின் தங்கை வீட்டில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ். குருநகரில் விடியவே போய் வாங்கிவந்த நண்டு, இறால், மீன்தலை, அதோடு பலாக்கொட்டை, பயித்தங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சியது. பனையோலைப் பிளாவில் வார்க்க வார்க்கக் குடித்தேன். எத்தனை பிளா என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திராது.

திங்கள் காலை கடையைத் திறந்து ஒரு மோட்டரைத் தூக்கினேன். நெஞ்சுக்கு நடுவில் பிடித்தது. அந்த மோட்டரையே யாரோ வாங்கி என் நெஞ்சின்மேல் வைத்தது மாதிரி. வியர்த்தது. இதயமும் ஒரு பம்ப்தானே என்று பல பேருக்கு விளக்கம் சொன்னவன் நான். இந்தப் பம்ப் எரிந்தால் இதற்குச் சுற்றுகிற கம்பி என் கடையில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடையைப் பூட்டினேன். பத்தடி போய்த் திரும்பிவந்து, பூட்டு விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். சாகிறவன் செய்கிற வேலைதான்.

சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறி, "ஆஸ்பத்திரிக்கு விடும் தம்பி, கெதியா" என்றேன்.

"ஆருக்கண்ணை வருத்தம்?"

"எனக்குத்தான்."

அவன் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தான். "இப்ப ஓடியெல்லோ வந்தனீங்கள்."

அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை வாசலையும் தாண்டி நின்றது. எங்கள் ஆட்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வருத்தத்தின் வயதைச் சொல்லுகிற முறை ஒன்று இருக்கிறது. நேற்றுத் தொடங்கிய இருமல் என்று சொன்னால் மர வாங்கில் காத்திருக்கச் சொல்லுவார்கள். ஆனபடியால் மூன்று நாள் இருமலுக்கு மூன்று கிழமை என்று சொல்ல வேண்டும். ஒரு மாத மூட்டுநோவுக்கு ஒரு வருசம். எல்லோரும் பெருக்கித்தான் சொல்லுவார்கள். டொக்டர்மார் மனதுக்குள் பிரித்துக்கொள்ளுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. ஊரில் இதை யாரும் பொய்க்கணக்கில் சேர்ப்பதில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இளம் பெண் டொக்டர். என் மகளாக இருக்கிற வயது. கண் இரண்டும் நித்திரை காணாத கண்.

"எப்ப தொடக்கம் நோகுது ஐயா?"

காலையிலிருந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பத்து வருசமா, பிள்ளை" என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பத்து வருசமா என்ன செய்தனீங்கள்?"

"பொறுத்துக்கொண்டிருந்தனான்."

என்னுடைய பொறுமையை நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் காகிதத் துண்டில் எழுதினாள். பத்து வருச நெஞ்சுநோ. உடனே ஒரு சக்கர நாற்காலி வந்தது. பெருக்கின பெருக்கு வேலை செய்துவிட்டது என்ற சந்தோசத்தில் நோ கொஞ்சம் குறைந்ததுபோலவும் இருந்தது.

பின்னேரம்வரை அங்கேயே படுக்கவைத்து, இரண்டு தரம் ஈசிஜி எடுத்து, இரண்டு தரம் இரத்தம் எடுத்துப் பார்த்தாள். இடையில் நான் நொத்தாரிசைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டதாகப் பின்னர் சொன்னாள். கடையை மனைவி பேரில் எழுதிவைக்க வேண்டுமாம். எனக்கு அது ஞாபகமில்லை என்று சொல்லவே விருப்பம்.

கடைசியில் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். "உங்கடை இருதயத்திலை ஒரு குறையும் இல்லை ஐயா. நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கூழ்."

"வாயு ஏறியிருக்கு. பேந்து பயந்திட்டியள். அந்தப் பயப் படபடப்புத்தான் பதகளிப்பு. வேறை ஒண்டுமில்லை. வீட்டை போகலாம்."

ஆக, என்னிடம் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று, உள்ளே போகும்போது எழுதின துண்டு: பத்து வருச நெஞ்சுநோ. மற்றது, வெளியே வரும்போது தந்த அட்டை: இருதயத்தில் நோயில்லை, பதகளிப்பு. கடைக்கு வந்தால் வாசலில் ஆறேழு பேர். "அண்ணைக்கு ஹார்ட் அற்றாக்காம்" என்று சுன்னாகம் சந்தை முழுக்கக் கதை. ஒரு பெரியவர், என்னிடம் மூன்று பம்ப் சுற்றுவித்தவர், செவ்விளநீர்க் குலையொன்றைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறார். அந்தக் குலையைப் பார்த்த பிறகு வாயு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"லேசான அற்றாக்தான்" என்றேன், அடக்கமாக.

அவர்கள் போனபின் அட்டையை வார்னிஷ் காயவைக்கிற அடுப்பில் போட்டேன். துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். வீட்டில் மனைவிக்கு அதைத்தான் காட்டினேன். அவள் முன்பள்ளி ரீச்சர். பேப்பரில் இருப்பதை நம்புகிறவள். அன்றிரவே சாப்பாட்டில் உப்பு நின்றது. அப்பளமும் நின்றது. எட்டு மாதம் உப்பில்லாத கறி தின்றேன். என் புழுகுக்கு நானே கட்டின தண்டம் என்று நினைத்துப் பேசாமல் தின்றேன்.

தண்டம் கட்டினது நான் மட்டுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டாம் மாதம் ஒருநாள் முன்பள்ளியிலிருந்து ரெலிபோன் வந்தது. பாட்டு நடத்திக்கொண்டிருந்தவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாளாம். அதுவும் பாட்டில் வருகிற விளையாட்டென்று நினைத்துப் பிள்ளைகளெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்களாம். ஸ்கானில் பித்தப்பை நிறையக் கல். அதே அரசாங்க ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை கிளினிக்கில், பையை எடுக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். திகதியும் போட்டார். அது பல மாதம் தள்ளி. இடையில் கல் அடைத்தால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால் உடனே கொண்டுவரச் சொன்னார்.

ஓட்டோவில் வரும்போது கேட்டேன். "எவ்வளவு நாளா உமக்கு உந்த நோ?"

"உங்கடை அற்றாக்குக்குக் கிட்டடியிலை தொடங்கினது."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை நெஞ்சுக்குள்ளை இருக்கிறதைவிட என்ரை வயித்துக்குள்ளை இருக்கிறது பெரிசோ எண்டு இருந்திட்டன்."

அவளுடைய ஸ்கான் உறையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் காப்புறுதி ஞாபகம் வந்தது. என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த கூட்டாளி ஒருவன் காப்புறுதிக் கொம்பனி ஒன்றின் முகவராக ஸ்கூட்டரில் திரிகிறான். நெஞ்சுநோ நாடகத்துக்கு ஒரு வருசத்துக்கு முன்னர் கடைக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்புறுதி எடுப்பித்திருந்தான். படிவம் இங்கிலிசில். இருதய நோய் உண்டா, சலரோகம் உண்டா, இன்னது உண்டா, அன்னது உண்டா என்று இருந்த கட்டங்களிலெல்லாம் அவனே மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே இழுவையில் 'இல்லை' என்று அடையாளம் போட்டான். "கையெழுத்து மட்டும் வை மச்சான்" என்றான். வைத்தேன். வார்னிஷ் கையோடு வைத்ததில் பெருவிரல் அடையாளமும் சேர்ந்து பதிந்தது.

இப்போது பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், கொம்பனி சம்மதக் கடிதம் தந்தால் அடுத்த கிழமையே ஒப்பரேசன் செய்யலாம் என்றார்கள். அவளுடைய பேப்பர்களைக் கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பை இருக்கிறது. நீலநிற ஸிப் பை. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் வீடுகளில் பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் சோதனைப் பெறுபேறு, மருந்துத் துண்டு எல்லாம் அதற்குள். எந்த நேரம் எழும்பி ஓட வேண்டி வந்தாலும் ஒரு கையால் தூக்குகிற மாதிரி. ஓட்டம் நின்று எத்தனையோ வருசமாகியும் பேப்பர்களைப் பிரித்து வைக்கிற துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஒன்றைப் பிரித்தெடுத்தால் அதுதான் தவறிப்போகும் என்ற பயம். அதனால் மருத்துவப் பேப்பர் கேட்டபோது பையிலிருந்த மருத்துவத் துண்டு முழுவதையும் அப்படியே போட்டோக்கொப்பி அடித்து, கட்டாகக் கட்டிக் கொடுத்தேன். அவளுடைய ஸ்கான் அறிக்கைக்கு மேலே ராசா மாதிரி உட்கார்ந்திருந்தது என்னுடைய துண்டு.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இங்கிலிசில். கூட்டாளி கடைக்கு வந்து வாசித்துச் சொன்னான். பத்து வருசமாக இருந்த இருதய நோயை நான் படிவத்தில் மறைத்துவிட்டேனாம். அதனால் காப்புறுதி தொடக்கத்திலிருந்தே செல்லாதாம். மனைவியின் ஒப்பரேசனுக்குச் சம்மதம் இல்லை. கூட இணைத்திருக்கிற காகிதத்தில் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்தால் கட்டின தவணையைத் திருப்பித் தருவார்களாம்.

"கையெழுத்தை வைச்சிட்டு விடு மச்சான்" என்றான். "வேறை கொம்பனியிலை எடுத்துத் தாறன்."

"எனக்கு இருதய வருத்தம் எண்டு நானே கையெழுத்து வைச்சபிறகு எந்தக் கொம்பனியடா என்னை எடுக்கும்?"

"அப்ப உனக்கு வருத்தம் இல்லையோ?"

"இல்லை."

"ஊரெல்லாம் அற்றாக் எண்டு சொன்னனி."

அன்று சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூழ், வாயு, நொத்தாரிசு, அடுப்பில் எரிந்த அட்டை. அவள் கடைசிவரைக்கும் கேட்டாள். எழும்பிக் குசினிக்குள் போனாள். உப்புப் போத்தலோடு வந்து, ஒரு கை நிறைய அள்ளி என் சோற்றின் நடுவில் வைத்தாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள். "எட்டு மாசத்துக்கும் சேர்த்து."

சாப்பிட்டேன். முழுவதும் முடியவில்லை.

பிறகு அவள் சொன்னாள்: "உங்கடை வாயாலை போனது. உங்கடை வாயாலைதான் திரும்ப வரவேணும். உந்தக் காகிதத்திலை கையெழுத்து வைச்சியளோ, பாருங்கோ."

நான் பயந்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயந்தவனுக்கும் ஒரு கட்டம் வரும். தவணை கட்டும்போது என் நெஞ்சை யாரும் சோதிக்கவில்லை. வருசத்துக்கு வருசம் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். தருகிற முறை வந்தவுடன்தான் என் நெஞ்சில் அவ்வளவு அக்கறை. கொம்பனிகளை மேற்பார்வை செய்யக் கொழும்பில் ஒரு அரசாங்க ஆணைக்குழு இருக்கிறது என்று விசாரித்து அறிந்தேன். அதற்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். தமிழில், நாலு பக்கம். கொம்பனிக்கும் ஒரு பிரதி. கொம்பனி இங்கிலிசில் பதில் போட்டது. அந்த உறையை ஒட்டி, 'இந்தக் கடிதம் யாரோ இங்கிலிசுக்காரருக்குப் போகவேண்டியது, தவறி என்னிடம் வந்துவிட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தரமும் இங்கிலிசில் வந்தது. இரண்டாம் தரமும் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தரம் தமிழில் வந்தது. கடிதத்தில் விசயம் ஒன்றும் மாறவில்லைதான். ஆனாலும் அந்தக் காகிதத்தைக் கடைச்சுவரில் ஒரு கிழமை ஒட்டி வைத்திருந்தேன்.

அட்டை வேண்டும். அதை எரித்த கை என்னுடையது. ஆஸ்பத்திரியின் பதிவறையில் விண்ணப்பம் கொடுத்து, இரண்டு முறை அலைந்து, கடைசியில் அந்த டொக்டர்ப் பிள்ளைக்கு முன்னால் போய் நின்றேன். என்னை மறக்கவில்லை.

"பத்து வருசத்தை வெட்டிவிடும் பிள்ளை" என்றேன். "காலமை தொடக்கம் எண்டு எழுதிவிடும்."

"ஏலாது ஐயா. நீங்கள் சொன்னதை எழுதினனான். நீங்கள் சொன்னது பொய்யெண்டால் அது உங்கடை சோலி. எழுதினதை நான் மாத்தினால் அது என்ரை சோலி."

"அப்ப என்ன செய்யிறது?"

"நான் கண்டதை எழுதித் தரலாம். ஈசிஜி, இரத்தம் எல்லாம் பதிவிலை இருக்கு. இருதய வருத்தம் இல்லை, பதகளிப்பு எண்டு."

"பதகளிப்பு எண்ட சொல்லு கட்டாயமோ? வாயு எண்டு மட்டும் போட்டால் என்ன?"

"வாயுவுக்கு ஆரும் நொத்தாரிசைக் கூப்பிடச் சொல்லி அழமாட்டினம் ஐயா."

எழுதித் தந்தாள். இலவசமாக. வெளியே வந்தால் அதே வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. அந்த வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் அவள் நித்திரை முழித்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளும் எனக்காக ஒரு பொய் எழுத மறுத்தாளே, அது எனக்குப் பிடித்திருந்தது. காசு வாங்காத இடத்தில் உள்ளது உள்ளபடி எழுதுகிறார்கள். காசு வாங்கின இடத்தில்தான் என் வாய்ச்சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

பிரதேச செயலகத்தில் ஒரு நடமாடும் சேவை வைத்தார்கள். மண்டபத்தில் வரிசையாக மேசைகள். ஒன்றில் ஓய்வூதியம், ஒன்றில் அடையாள அட்டை, ஒன்றில் காணி. மூலை மேசையில் காப்புறுதி முறைப்பாடு. என்னையும் அங்கேதான் வரச்சொல்லியிருந்தார்கள். கொழும்பு ஆணைக்குழுவிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா இருந்தார். தமிழ் நன்றாகக் கதைத்தார், வானொலிச் செய்தி மாதிரி. கொம்பனி சார்பில் கழுத்தில் ரை கட்டின ஒரு இளைஞர். என் கூட்டாளி மூன்று வாங்கு பின்னால், ரெலிபோனைக் குனிந்து பார்த்தபடி. மனைவி நீலப்பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில். மண்டபத்தில் பாதிப் பேர் என் கடைக்குப் பம்ப் கொண்டுவருகிறவர்கள். அடையாள அட்டை வரிசையில் செவ்விளநீர்ப் பெரியவரும் நின்றார். எனக்கு அதே நெஞ்சுநோ மெல்லத் தொடங்கியது. கூழ் குடித்திருக்கவில்லை.

ரை கட்டினவர் துண்டை எடுத்து வைத்தார். "பத்து வருடம் என்று இவரே கூறியிருக்கிறார் மேடம். படிவத்தில் இல்லை என்று இருக்கிறது."

அந்த அம்மா படிவத்தைப் பார்த்தார். வார்னிஷ் பெருவிரலையும் பார்த்தார். "இதனை நீங்கள் வாசித்தீர்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை அம்மா. இங்கிலிசு. கையெழுத்து வைச்சது என்ரை பிழை."

அவர் இளைஞரிடம் திரும்பினார். "தமிழ்ப் படிவம் இருக்கிறதா?"

"கொம்பனிக் கந்தோரில் இருக்கிறது மேடம்."

"அது ஏன் இவருடைய கையில் இருக்கவில்லை?"

இளைஞர் பின்னால் திரும்பி என் கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி ரெலிபோனை இன்னும் கிட்டப் பிடித்தான்.

"சரி. பத்து வருடம் என்பதற்கு நீங்கள் என்ன கூறுகிறீர்கள்?"

எழும்பி நின்றேன். இருந்துகொண்டே சொல்லலாம் என்றார். ஆனால் மோட்டர்க் கதையை இருந்துகொண்டு சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"அம்மா, நான் மோட்டர் சுத்திறவன். என்னட்டைப் பம்ப் கொண்டுவாற ஆரும் உண்மை சொல்லுறேல்லை. ஆறு மாசமாக் கத்தின மோட்டரை 'நேற்றுவரைக்கும் நல்லா ஓடினது' எண்டுதான் சொல்லுவினம். பழுது தங்கடை தலையிலை விழுந்திடும் எண்ட பயம். அதே ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், காலமை வந்த நோவைப் பத்து வருசம் எண்டுவினம். தங்களைப் பாக்காமல் விட்டிடுவினமோ எண்ட பயம். நான் வாயைப் பாத்து மோட்டர் சுத்தினால் கடையை எப்பவோ மூடியிருப்பன். திறந்து உள்ளுக்கை சுத்தின கம்பிக் கொயிலைப் பாப்பன். டொக்டரும் என்ரை கொயிலைப் பாத்தவ. கொயில் சுத்தம். இவையள் கொயிலைப் பாக்காமல் என்ரை வாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

ஓய்வூதிய மேசையும் அடையாள அட்டை மேசையும் வேலையை நிறுத்திவிட்டன. அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தார்.

"அப்படியாயின், நீங்கள் வைத்தியரிடம் பொய் கூறினீர்களா?"

இந்த இடத்தைத் தாண்டாமல் என் மனைவியின் ஒப்பரேசன் இல்லை. தாண்டினால் சுன்னாகத்தில் என் அற்றாக் இல்லை.

"ஓம்" என்றேன். "சொன்னனான். படிவத்திலை இருக்கிறதுதான் உண்மை. ஆஸ்பத்திரியிலை சொன்னதுதான் பொய். எனக்கு இருதய வருத்தம் இல்லை. கூழ் குடிச்சு வாயு. அதோடை பயம்." டொக்டரின் கடிதத்தை எடுத்து நானே உரத்து வாசித்தேன். பதகளிப்பு என்ற சொல் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தப் பார்த்தேன். மனைவி பையால் என் முழங்காலில் ஒரு இடி இடித்தாள். உரத்தே வாசித்தேன்.

மண்டபம் சிரித்தது. நன்றாகவே சிரித்தது. அடையாள அட்டை வரிசையிலிருந்து அந்தப் பெரியவரின் குரல் வந்தது: "அப்ப தம்பி, என்ரை செவ்விளநீர்க் குலை?"

"அரைவாசி நான்தான் குடிச்சனான் ஐயா" என்றாள் மனைவி. "வருத்தக்காரிக்குத்தான் போனது. பரவாயில்லை."

அந்த அம்மாவும் சிரித்தார், ஆனால் எழுதிக்கொண்டே. பிறகு இளைஞரிடம் ஒரே ஒரு கேள்வி: "நோயாளி சொன்னதைத் தவிர, இவருக்கு இருதய நோய் இருந்தது என்பதற்கு உங்களிடம் வேறு மருத்துவ ஆதாரம் உள்ளதா?" இளைஞர் பைலைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய மோட்டரும் சூடேறிக்கொண்டிருந்தது.

முடிவு அங்கே சொல்லவில்லை. நாலு கிழமை காத்திருந்தோம். அந்த நாலு கிழமையும் ஒவ்வொரு காலையும் அவளுடைய கண்ணை யன்னல் வெளிச்சத்தில் திருப்பி மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தேன். "உங்களுக்குத்தான் மஞ்சளாத் தெரியுது" என்று கையைத் தட்டிவிடுவாள். பிறகு கடிதம் வந்தது. காப்புறுதி செல்லும், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம். முதல் தரமே தமிழில்.

ஒப்பரேசன் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பச்சை உடுப்போடு வந்த சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்த்து மனைவி என் கையைப் பிடித்தாள். "இவர்தானே அங்கை எனக்குத் திகதி போட்டவர்." ஓம், அவரேதான். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் இங்கே. அதே கை, அதே கத்தி. நடுவில் இருக்கிற அந்தப் பல மாதத்தைத்தான் நான் காப்புறுதி என்று வாங்கியிருக்கிறேன். அந்தக் கிளினிக்கில் இவளுக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மனிசிக்கு அந்த மாதங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. கொம்பனியிடம் சண்டை பிடித்து வாங்கின எனக்கு, இதற்கு யாரிடம் சண்டை பிடிப்பது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக விடுவதாக இல்லை. மேலும் கட்டில், மேலும் டொக்டர் கேட்டு ஆஸ்பத்திரி நிருவாகத்துக்கும் அமைச்சுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை. எழுதத் தமிழ் இருக்கிறது, ஒட்ட முத்திரை இருக்கிறது.

அவள் எழும்பிவிட்டாள். கல்லைச் சிறு போத்தலில் போட்டுத் தந்தார்கள். பதினேழு. முன்பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு எண்ணக் கற்பிக்கலாம் என்றேன். முறைத்தாள். முறைக்கிற அளவுக்குச் சுகம் வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன்.

போன மாதம் புதுப்பிக்கிற படிவம் வந்தது. கூட்டாளி தமிழ்ப் படிவத்தோடு வந்தான், நான் கேட்காமலே. பேனையை எடுத்துக் குனிந்தவனைத் தடுத்து, நானே நிரப்பினேன். வார்னிஷ் கையைக் கழுவிவிட்டு. இருதய நோய் உண்டா? இல்லை. சலரோகம் உண்டா? இல்லை. பதகளிப்பு, மன அழுத்தம் போன்றவை உண்டா?

ஓம் என்று எழுதினேன்.

"மச்சான், விசரே உனக்கு" என்றான். "அதைப் போட்டால் கொம்பனி கேள்வி கேக்கும்."

"கேக்கட்டும். எனக்கு அந்தம்மாவின்ரை விலாசம் தெரியும்."

பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. எவ்வளவு காலமாக? பேனை ஒரு கணம் பத்து வருசத்துக்குத்தான் ஓடப் பார்த்தது. நிறுத்தி, கொயிலைத் திறந்து பார்க்கிற மாதிரி யோசித்து, உள்ளதை எழுதினேன்.

ஐம்பத்துமூன்று வருசம். பிறந்ததிலிருந்து.